வெடிக்காத ஐந்து லெவல்கள்

முதல் படத்தை நான் தரையில் விரித்ததும், நன்றாயிருக்கிறது என்று மதினி சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இரண்டு கால்களாக்கி, படத்தின் இடது ஓரத்திலிருந்து நடக்க விட்டார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத அலுமினியப் பவுடர் அவர் நகக்கண்களில் மினுங்கியது. இரண்டடி நீளப் படம் அது. அச்சகத்தில் மிச்சம் விழுந்த ஆர்ட் பேப்பரில் நானே பிரிண்ட் எடுத்து வந்திருந்தேன். விரல்கள் ஒரு கூரையில் ஏறின, அடுத்த கூரைக்குத் தாவின, மூன்றாவதில் போய் நின்றுவிட்டன. "அடுத்து எங்கிட்டுப் போறது?" என்றார். எங்கேயும் போக வேண்டாம் மதினி, இது பார்க்கிறதுக்குத்தான் என்றேன். "பாக்குறதுக்குன்னா காலண்டர் போடு. வெளையாட்டுன்னா போறதுக்கு வழி வேணும்ல," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பத்து நாள் உட்கார்ந்து வரைந்த படம்.

மதினி என் அண்ணன் மனைவி. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினாறு வருடம் புஸ்வாணத்துக்கு மருந்து நிரப்பினார். இப்போது அவர் இல்லை. இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் உடனே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "வெடி விபத்தா?" என்பார்கள். இல்லை. டெங்குக் காய்ச்சல். தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்துக் கிடந்த மழை மாதத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆறே நாளில் போய்ச் சேர்ந்தார். இந்தப் பதிலைக் கேட்டுச் சிலர் லேசாக ஏமாந்துபோவதையும் பார்த்திருக்கிறேன். சிவகாசிக்காரி கொசு கடித்துச் சாவது அவர்களுக்கு ஒப்பவில்லை. விபத்தே நடக்காத ஊர் என்று நான் சாதிக்க வரவில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் மாலை போட்ட படங்கள் தொங்குகின்றன. அந்த வீட்டுக்காரர்களிடம் போய்க் கொசு கடித்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா. அதேபோல மதினியின் சாவையும் இன்னொன்றாக மாற்றிச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. இந்தக் குறிப்பை நான் எழுத உட்கார்ந்ததே அந்தக் கோபத்தில்தான்.

நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறேன். புலி, கழுகு, ஒட்டகம், எந்த நாட்டுக்காரி என்று தெரியாத பொன்னிறக் கூந்தல் பெண். முக்கால்வாசி வேலை ஏற்கெனவே உள்ளதைக் கொஞ்சம் மாற்றிப் போடுவதுதான். "அந்தப் புலி ரொம்ப மொறைக்குது, லேசா சிரிக்க வையி," என்பார் முதலாளி. சிரிக்க வைப்பேன். லட்சக்கணக்கான பெட்டிகளில் என் புலி ஊர் ஊராகப் போய், ஒரே இரவில் குப்பையாகிவிடும். எந்தப் பெட்டியிலும் வரைந்தவள் பெயர் இருக்காது. பன்னிரண்டு வருடம் அப்படியே ஓடியது. இதற்கு நடுவில் எனக்காக நான் வரைந்து இணையத்தில் போட்டு வைத்திருந்த சில படங்களைப் பார்த்துவிட்டு, சென்னையில் ஒரு வீடியோ கேம் நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். ஒரு ஆள் இடமிருந்து வலமாகப் போவான், மேடைக்கு மேடை தாவுவான், குழியில் விழுந்தால் செத்தான், அந்த மாதிரி ஆட்டம். ஆட்டமே இன்னும் கிடையாது, மனசில்தான் இருக்கிறது என்றார்கள். அது எப்படியிருக்கும் என்று காட்ட ஐந்து லெவல்களுக்கான காட்சிப் படங்கள் வேண்டும், களம் உங்கள் ஊர், ஆட்டம் தொடங்கும்போது முதல் திரையில் உங்கள் பெயர் வரும் என்றார் அங்கே ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மற்றதெல்லாம் எனக்குக் காதில் விழவேயில்லை. என் பெயர் வரும் என்பது மட்டும் விழுந்தது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. எனக்கு வீடியோ கேம் ஆடத் தெரியாது. எங்கள் வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் மதினிதான். காலையில் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் ஜன்னலோர இருக்கையில் தலையைக் குனிந்துகொண்டு, கீறல் விழுந்த போனில் மதினி தாவிக்கொண்டே போவார். கம்பெனி வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் திருப்பிக் கொடுத்ததும், காலையில் நின்ற இடத்திலிருந்து மறுபடியும் தாவுவார். நான் மூன்றாவது குழியைத் தாண்டியதில்லை. மதினி ஆட்டத்தையே முடித்துவிட்டு, போரடிக்கிறது என்று முதலிலிருந்து ஒரு உயிரும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தவர். "கம்பெனிக்கு வேலைக்குப் போறாளா, போர்க்களத்துக்குப் போறாளான்னே தெரியல," என்று அண்ணன் கேலி செய்வான். "நீங்க ஒரு தடவ தாண்டிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்," என்று மதினி போனை நீட்டுவார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவான்.

ஆகவே கோபம் ஆறியதும் படத்தை மறுபடியும் அவர் முன்னாலேயே விரித்தேன். அதை நான் எப்படி வரைந்திருந்தேன் என்று இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கறுத்த வானம். வானம் முழுக்க வாணவேடிக்கை. கீழே ஒன்றோடொன்று ஒட்டிய பட்டாசு அறைகள், கூரை விட்டுக் கூரை தாவ வசதியாக. ஓர் அறையில் ஏழெட்டுப் பெண்கள். பின்னணியில் தீப்பிழம்பு. வருடக்கணக்காகப் பட்டாசு செய்யும் ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருக்க, நான் அதுவரை வரைந்த லேபிள்களையெல்லாம் சேர்த்து ஒரு ஊராக்கி வைத்திருந்தேன். சிவகாசியில் பிறந்து வளர்ந்தவள், சிவகாசியைப் பார்க்காதவள் மாதிரி வரைந்திருந்தேன். மதினி அன்றைக்குச் சிரிக்கவில்லை. நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். "இது எந்த ஊரு? ராத்திரி எங்கன கம்பெனி ஓடுது? நாம செய்யிறது பகல்ல. ராத்திரி பாக்குறது வாங்குறவுக." பிறகு அறைகளைத் தொட்டுக் காட்டி, "ரூமு ரூமு இம்புட்டுப் பக்கத்துல கட்டுனா லைசென்சு எவன் குடுப்பான்? ஒரு ரூமுல நாலு பேருக்கு மேல ஒக்காந்தா உயிரு எங்கன தங்கும்?" என்றார். கடைசியாக, கூரை மேல் ஓடுவதாக நான் வரைந்திருந்த பையனைக் காட்டி, அங்கே யாரும் ஓட மாட்டார்கள் என்றார். யாராவது ஓடினால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தமாம்.

ஓடாமல், தாவாமல் என்ன ஆட்டம் என்று நான் சண்டைக்குப் போனேன். இடைவெளி இருந்தால்தானே தாவ முடியும், விழுந்தால்தானே தோற்க முடியும் என்று அந்தச் சென்னைக்காரர் எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். மதினி ஒரு பென்சிலை எடுத்து, என் படத்தின் மேலேயே, இரண்டு அறைகளுக்கு நடுவில் ஒரு வேப்பமரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் மணல் வாளியும் கிறுக்கினார். அவருக்கு வரைய வராது. மரம் துடைப்பத்தைத் தலைகீழாக நட்ட மாதிரி இருந்தது. "எங்களுக்கு இந்த எடவெளிதான் உசுரு. ரூமுக்குள்ள இருக்குறப்பதான் பயம். வெளிய வந்து இங்கன நின்னா அப்பாடான்னு இருக்கும். நீ என்னடான்னா இதக் குழின்னு சொல்லுத," என்றார். நான் கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன் என்று சொன்னால் பொய். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது நாள் அச்சகத்தில் ஒரு ஒட்டகத்துக்குக் கண்ணிமை வரைந்துகொண்டிருந்தபோது சட்டென்று பிடிபட்டது. எல்லா ஆட்டத்திலும் இடைவெளியில் விழுந்தால் சாவு. இந்த ஆட்டத்தில் இடைவெளியில் நின்றால் பிழைப்பு. அறைதான் கண்டம். ஒட்டகத்தை அப்படியே போட்டுவிட்டு அரை நாள் லீவு சொல்லி வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் அந்த ஐந்து லெவல்களைச் செய்தோம். நான் வரைவேன், மதினி விரலால் நடப்பார். விரல் எட்டாத இடமெல்லாம் அழித்து வரைய வேண்டும். முதல் லெவல் விடியலில் வேன் வருகிற கருவேலங்காட்டுப் பாதை. இரண்டாவது கம்பெனி வாசல். உள்ளே ஒரு பொறிகூடப் பறந்துவிடக் கூடாதென்று அங்கே போனைக் கொடுக்க வேண்டும், கொலுசைக் கழற்ற வேண்டும், கொண்டை ஊசியை எடுக்க வேண்டும், செருப்பை விட வேண்டும். மற்ற ஆட்டங்களில் போகப் போகப் பொருள் சேர்ப்பார்கள், இங்கே ஒவ்வொன்றாக விட்டால்தான் கதவு திறக்கும். மூன்றாவது அறைகள். பூராவும் வெயில் வெளிச்சம், வெள்ளிப் பவுடர் படிந்த சுவர்கள், எதிரெதிரே இரண்டு கதவுகள், இரண்டும் வெளிப்பக்கம் திறப்பவை. நான்காவது காயப்போடும் மேடை. மேடை நிறைய சரக்கு காய்ந்துகொண்டிருக்கும், மேற்கே மழைமேகம் ஏறும். பெரிய மதிப்பெண் அந்தச் சரக்குக்குத்தான் என்று நான் எழுதியிருந்ததை மதினி அடித்துவிட்டார். "இடி இடிச்சா சரக்க அப்பிடியே போட்டுட்டு வெளிய வரணும். எடுக்கப் போனவ தோத்தா," என்றார். ஐந்தாவது லெவல் சாயங்கால வேன். அதில் எதிரியே கிடையாது. காலையில் வந்த பதினான்கு பேரும் ஏறினால்தான் வேன் கிளம்பும். தனியாக ஜெயிக்க வழியில்லை.

எதிரி யார் என்பதில்தான் ரொம்ப நாள் இழுத்தது. நான் ஒரு தீப்பூதத்தை வரைந்து காட்டினேன். மதினி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் தன் கம்பெனியில் நடந்த ஒன்றைச் சொன்னார். தீபாவளிக்கு முந்தைய சீசன். மூன்று லோடு நின்றுகொண்டிருக்கிறது. போர்மேன் ஐந்தாவதாக ஒரு ஆளைக் கொண்டுவந்து இவர் அறையில் உட்காரச் சொன்னாராம். மதினி கையிலிருந்த புனலைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து, மெதுவாக வெளியே நடந்து வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். "என்னம்மா, ஆர்டர் நிக்குது," என்றாராம் போர்மேன். "நிக்கட்டும். அஞ்சாவது ஆள வெளிய கூப்புடுங்க, நான் உள்ள வாரேன்," என்றாராம் மதினி. பேச்சு வளர்ந்தது. மற்ற மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து மரத்தடியில் நின்றார்கள். வந்து உட்கார்ந்த அந்த ஐந்தாவது ஆள், பாவம், புதிது, அவளும் வெளியே வந்துவிட்டாள். அறை காலியாகிவிட்டது. கடைசியில் அவளை வேறு அறைக்கு அனுப்பினார்கள். மதினிக்கு இரண்டு நாள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் வீட்டில் இருந்துகொண்டு போனில் தாவிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. காய்ச்சல் என்றுதான் அப்போது எங்களிடம் சொல்லியிருந்தார். "சீக்கிரம் சீக்கிரம்னு ஒரு சத்தம் வரும்ல, அதான் எதிரி. அதுக்குக் கை காலெல்லாம் வேண்டாம்," என்றார். மூன்றாவது லெவலில் அந்தச் சத்தத்தை அறைகளின் மேல் கவிகிற ஒரு செம்மண் புழுதியாக வரைந்தேன். அது வரும்போது வேகமாகப் போகிறவன் தோற்பான், மரத்தடிக்கு வந்து நிற்பவன் பிழைப்பான். என் வாழ்நாளில் நான் வரைந்த நல்ல படம் அதுதான்.

ஐந்தையும் அனுப்பினேன். ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் மரியாதையான மனிதர், ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. பிரமாதம் என்றார். பிறகு, "ஆனா எங்கயுமே வெடிக்கலையே," என்றார். "சிவகாசின்னு போட்டுட்டு வெடிக்கலைன்னா எப்படிங்க? ஒரு லெவல் முடியும்போது ஒரு வெடிப்பு, பின்னாடியே நெருப்பு துரத்திட்டு வருது, நம்மாளு தப்பிச்சு ஓடறான். அது ஒண்ணு மட்டும் சேர்த்துடுங்க." அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதை மதினியிடம் சொன்னேன். உன் பேர் வரணும்ல, வரைந்து கொடு என்று அவர் சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது, ஒளிப்பானேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "எனக்கென்ன, உன் படம். ஆனா வெடிச்சிருச்சுன்னா அந்த நாலு பேரு எங்கன போவாக?" என்று கேட்டார். படத்தில் உள்ளவர்கள்தானே என்றேன். "ஆமா, படத்துல உள்ளவுகதான்," என்றார். அந்த மூன்றாவது அறையில் நான் வரைந்திருந்த நான்கு பேரும் அவர் அறையில் உட்கார்ந்தவர்கள். முகச்சாயல் வரைக்கும் அப்படியே போட்டிருந்தேன். மறுநாள் காலை, இந்த ஆட்டத்தில் வெடிக்காது, வெடிக்காமல் சாயங்காலம் ஆவதுதான் இதில் ஜெயிப்பது என்று எழுதி அனுப்பினேன். பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. நான் புலிகளிடம் திரும்பிப் போனேன். அடுத்த தீபாவளி முடிந்த மழையில் மதினி போய்விட்டார்.

சென்ற மாதம் அதே மனிதர் மறுபடி அழைத்தார். அந்த ஆட்டத்துக்குப் பணம் போட ஆள் கிடைத்திருக்கிறது, உங்கள் ஐந்து லெவலையும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம், வெடிப்பு வேண்டாம், நீங்கள் சொன்னது அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை என்றார். இதை விரலால் நடந்து பார்த்தவர், அந்த வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் என் மதினி, இப்போது இல்லை என்றேன். அவர், எதிர்பார்த்தபடியே, விபத்தா என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். வருத்தம் சொன்னார், உண்மையான வருத்தம்தான், குறை சொல்ல மாட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு யோசனையோடு வந்தார். "கடைசி லெவல்ல அந்த வேன் இருக்குல்ல, அதுல ஜன்னலோர சீட்ட மட்டும் காலியா விட்டுடுங்க. வேற எதுவும் சொல்ல வேண்டாம். வெடி இல்ல, ரத்தம் இல்ல. பாக்குறவங்களுக்கே புரிஞ்சிடும். உங்க மதினிக்கும் ஒரு மரியாதையா இருக்கும்." அந்த ஒரு மாற்றத்தோடு படத்தை அனுப்பினால் ஒப்பந்தம் வந்துவிடும், முதல் திரையில் என் பெயர், அடுத்த வரியில் மதினி பெயர்.

இதை உடனே தூக்கியெறிந்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. கம்ப்யூட்டரில் அந்தப் படத்தின் கோப்பைத் திறந்தேன். அந்த ஜன்னலோரத்தில் மதினி தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை மட்டும் ஒரு தனி அடுக்கில், லேயர் என்பார்களே அதில், வரைந்திருந்ததால் ஒரு சொடுக்கில் மறைத்துவிடலாம். மறைத்தும் பார்த்தேன். சீட் காலியானது. சாயங்கால வெயில் அதன் மேல் விழுந்து, ஐயோ, அத்தனை அழகாக இருந்தது. அந்த அழகுதான் என்னை உசுப்பிவிட்டது. யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் போனவள் சாயங்காலம் திரும்பவில்லை என்று நினைப்பார்கள். உச்சுக் கொட்டுவார்கள். பதினாறு வருடம் ஒவ்வொரு சாயங்காலமும் கொலுசை மாட்டிக்கொண்டு, போனை வாங்கிக்கொண்டு, அந்த வேனில் ஏறி வீட்டுக்கு வந்தவர் மதினி. அதற்காக மரத்தடியில் நின்றவர், வேலையை இரண்டு நாள் இழந்தவர். அத்தனை சாயங்காலங்களையும் ஒரு அழகான சீட்டுக்காக நான் இல்லையென்று ஆக்க வேண்டுமாம், அதற்குப் பெயர் மரியாதையாம்.

மறைத்த அடுக்கைத் திரும்பக் கொண்டுவந்தேன். அந்த மனிதரை அழைத்து, படம் இப்படியேதான் இருக்கும் என்றேன். அவர் பொறுமையாக, ஒரே ஒரு சீட்தானேங்க, இதுக்காக எல்லாத்தையும் விடணுமா என்று கேட்டார். விடுகிறேன் என்றேன். "யோசிச்சுச் சொல்லுங்க, அவங்க இப்ப இல்லைங்கறது உண்மைதானே," என்றார். உண்மைதான். மதினி வீட்டில் இல்லை. அடுப்படியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் படத்தின் மேல் நடக்க இரண்டு விரல் இல்லை. அங்கெல்லாம் காலியாகத்தான் இருக்கிறது, தினமும் பார்க்கிறேன். "அவுக இல்லாத எடம் எங்க வீட்டுல இருக்குங்க," என்றேன். "வேன்ல இல்ல."

அவர் போனை வைத்த பிறகு, ஐந்தாவது லெவலை முழு அளவில் திறந்து, இருக்கைகளை முன்னாலிருந்து பின்னால்வரை ஒருமுறை பார்த்தேன். பதினான்கு பேரும் இருந்தார்கள். வேன் கிளம்பியது.